லேத் சக்கை மாற்றாதீர்கள், கழுந்தைப் பாருங்கள்

கேள்வி: லேத்தில் 200 மி.மீ. வாகைக் கட்டையில் கிண்ணம் கடைகிறேன். வெளிப்பக்கம் நன்றாக வருகிறது. திருப்பி சக்கில் (கட்டையைக் கவ்விச் சுழற்றும் பிடிப்பான்) பிடித்து உள்ளே குடையும்போது கட்டை ஆடிக் கழன்று விழுகிறது. பெரிய சக் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம். இந்த அளவுக்கு 100 மி.மீ. நான்கு ஜா (கவ்வும் தாடை) சக்கே தாராளம். கோளாறு, சக் கவ்விப் பிடிக்கக் கட்டையின் அடியில் நீங்கள் வெட்டும் கழுந்தில், அதாவது வட்ட முளையில், இருக்கிறது.

விழுந்த கட்டையின் கழுந்தைப் பாருங்கள். சுற்றிலும் எட்டு இடங்களில் மட்டும் பள்ளம் விழுந்திருந்தால், ஜாக்களின் முனைகள்தான் கடித்திருக்கின்றன, கழுந்து பெரிது. ஜாக்கள் முழு வட்டமாகச் சேருவது ஒரே ஒரு அளவில்தான். அவற்றுக்கிடையே 3 மி.மீ. சந்து வரும்வரை திறந்து, உள்வட்டத்தைக் காலிப்பரில் அளந்து, அந்த அளவுக்கே கழுந்தை வெட்டுங்கள். இந்த ஒரு எண்ணைப் பெட்டியில் அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்? '50 மி.மீ. ஜா' என்று போட்டு விற்கிறார்கள். உள்ளே அளந்தால் வேறு கணக்கு வருகிறது.

அடுத்தது உயரம். கழுந்தின் நுனி சக்கின் அடியில் முட்டவே கூடாது, 2 மி.மீ. இடைவெளி வேண்டும். கழுந்தைச் சுற்றியுள்ள கட்டையின் தோள்தான் ஜாக்களின் முகப்பில் படிந்து உட்கார வேண்டும். தோளும் கழுந்தும் சேரும் மூலை உருண்டிருந்தால் படியாது. கூர்முனை உளியால் சுத்தமாக எடுங்கள். ஜா உட்புறம் சாய்வானது என்றால் கழுந்துக்கும் அதே சாய்வு. இரண்டு சாவித் துளைகளிலும் மாறி மாறி இறுக்கி, சிறிது நேரம் கடைந்த பிறகு மறுபடி இறுக்குங்கள். சாவியில் பைப் செருகி முறுக்கினால் நார் நசுங்கி, பிடி இன்னும் தளரும்.

இரும்பு லேத்தின் மூன்று ஜா சக்கை 'மரத்துக்கும் ஆகும்' என்று தள்ளிவிடுவார்கள். வாங்காதீர்கள். ஐ.டி.ஐ. டர்னர் பாடமே இரும்புக்கானது. மரம் கடைபவருக்கு இதையெல்லாம் சொல்லித்தர ஆளில்லை.

ஈர மரத்துக்கு மட்டும் கணக்கு வேறு. 'காய்ந்த கட்டை' என்ற மரக்கடைத் தரகரின் பேச்சை நம்பாமல் வாரம் ஒருமுறை தராசில் வையுங்கள். எடை குறைந்துகொண்டே போனால் ஈரம்தான். ஈர மரம் வளர்ச்சி வளையத்தை ஒட்டிய திசையில், நடுவிலிருந்து வெளியே போகும் ஆரத் திசையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். இன்று வட்டமாக வெட்டிய கழுந்து காய்ந்ததும் முட்டை வடிவமாகிவிடும். அதனால் கழுந்தை விட்டத்தில் 6 மி.மீ. கூடுதலாக விட்டு, சுவரை 20 மி.மீ. கனத்தில் நிறுத்தி, நிழலில் காய விடுங்கள். எடை நின்ற பிறகு கழுந்தைச் சரியான அளவுக்கு மறுபடி வட்டமாக்கி, அதன்பின் முடியுங்கள். ஈரமாகக் கடையும் முதல் தடவை பிடி குறைவு என்பதால் டெயில் ஸ்டாக்கை (எதிர்முனையில் கட்டைக்கு முட்டுக்கொடுக்கும் லேத்தின் பகுதி) கடைசி வரை எடுக்க வேண்டாம்.

கையிலுள்ள கிண்ணம் வீணில்லை. முகக் கவசம் போட்டு, டெயில் ஸ்டாக் முட்டுக்கொடுத்து, நிமிடத்துக்கு 500 சுற்றில் ஓட்டி, நசுங்கிய கழுந்தைச் சீவிவிட்டுப் புதிதாக வெட்டுங்கள். உயரத்தில் 8 மி.மீ. போகும், அவ்வளவுதான்.