சுருட்டை முடி இருக்கட்டும், தாயைப் பார்த்தீர்களா?

கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். மகளின் பிறந்தநாளுக்கு கோல்டன்டூடுல் (கோல்டன் ரிட்ரீவரும் பூடிலும் கலந்த நாய்) குட்டி வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டோம். என் கணவருக்கு நாய் அருகில் வந்தாலே தும்மல், சில சமயம் மூச்சிரைப்பு. ஓஹாயோவில் ஒரு பிரீடர், "எங்கள் குட்டிகள் எஃப்1பி வகை, நூறு சதவீதம் ஒவ்வாமை வராது" என்று எழுதியே தருகிறார். தாய், தந்தை இரண்டும் "பரிசோதிக்கப்பட்டவை" என்றும் சொல்கிறார். விலை 3,200 டாலர். முன்பணம் 500 டாலர் அனுப்பலாமா?
வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: அந்த 500 டாலர் இன்னும் உங்கள் கையில்தானே இருக்கிறது? அங்கேயே இருக்கட்டும்.

"நூறு சதவீதம்" என்று எழுதித் தருகிறவரிடம் நான் கழுத்துப் பட்டைகூட வாங்க மாட்டேன். நாயின் எச்சில், தோல் செதில், சிறுநீர் ஆகியவற்றில் இருக்கும் சில புரதங்கள்தான் ஒவ்வாமையைக் கிளப்புகின்றன. முடி கொட்டாத நாயும் நக்கும். அதற்கும் தோல் உரியும். 2012இல் நெதர்லாந்தில் லேப்ரடூடுல், பூடில் போன்ற "ஒவ்வாமை தராத" நாய்களின் முடியைச் சோதித்தார்கள். முக்கியப் புரதமான கேன் எஃப் 1 அவற்றில் மற்ற நாய்களைவிட அதிகமாகவே இருந்தது. வீட்டுக் காற்றில் எந்த வேறுபாடும் தெரியவில்லை. எஃப்1பி என்றால் பூடிலின் பங்கு ஏறக்குறைய முக்கால் என்று பொருள். உங்கள் கணவரின் மூக்குக்கு அதில் எந்த உத்தரவாதமும் கிடையாது.

பூடில் கலப்பான டூடுல் நாய்கள்மேல் மோகம் தொடங்கிய கதையே இதற்குச் சாட்சி. ஆஸ்திரேலியாவில் வழிகாட்டி நாய்களை வளர்க்கும் அமைப்பில் இருந்த வாலி கான்ரன், 1989இல் ஹவாயைச் சேர்ந்த பார்வையற்ற பெண் ஒருவருக்காக லேப்ரடாரையும் பூடிலையும் சேர்த்தார். அந்தப் பெண்ணின் கணவருக்கு நாய் ஒவ்வாமை. பிறந்த மூன்று குட்டிகளில் ஒன்றுதான் அவருக்கு ஒத்துக்கொண்டது. அதையும் முடி, எச்சில் மாதிரிகளை ஹவாய்க்கு அனுப்பிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். இந்தக் கலப்பைத் தொடங்கிவைத்ததற்காகப் பின்னாளில் கான்ரனே வருந்தினார். ஆகவே உங்கள் கணவர் முதலில் ஒவ்வாமை மருத்துவரைப் பார்க்கட்டும். அவர் சரி என்றால், பிரீடரின் வீட்டுக்கே போய், வளர்ந்த டூடுல்களோடு இரண்டு மூன்று தடவை சில மணி நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும். மூச்சிரைப்பு வந்தால் மகளுக்குக் கொடுத்த வாக்கை மாற்றிக்கொள்ளுங்கள். ஆறு மாதம் வளர்த்த நாயைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் அந்தக் குழந்தை அழுவதைவிட இது எவ்வளவோ மேல்.

இப்போது "பரிசோதிக்கப்பட்டவை" என்ற சொல்லுக்கு வருகிறேன். என் கோபமெல்லாம் இதன்மேல்தான். பெரும்பாலும் இதற்குப் பொருள், கன்னத்தில் பஞ்சுக் குச்சியைத் தேய்த்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினோம் என்பதுதான். அந்தச் சோதனை நல்லதே. சிலவகைக் கண் நோய்களையும், பூடிலில் வரும் ரத்தம் உறையாக் குறைபாட்டையும் அது காட்டிக்கொடுக்கும். ஆனால் இடுப்பு மூட்டு எப்படிப் பொருந்தியிருக்கிறது என்பதை எக்ஸ்ரே மட்டுமே சொல்லும். கோல்டன் ரிட்ரீவர், பூடில் இரண்டுக்குமே இடுப்பு மூட்டுக் கோளாறு வரும். கலப்பினம் என்பதால் அது விலகி நின்றுவிடாது.

எனவே பிரீடரிடம் ஓ.எஃப்.ஏ. எண்களைக் கேளுங்கள். நாய்களின் எலும்பு, மூட்டு எக்ஸ்ரேக்களைத் தரம் பிரித்துப் பதிவு செய்யும் அமெரிக்க அமைப்பு அது. அதன் இணையப் பதிவேட்டில் நாயின் பெயரையோ எண்ணையோ இட்டு நீங்களே பார்க்கலாம். இடுப்பு, முழங்கை, கண், இதயம் ஆகிய நான்கும் தாய்க்கும் தந்தைக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். இடுப்புக்கான இறுதிச் சான்றிதழை நாய்க்கு 24 மாதம் நிறைந்த பிறகே தருவார்கள். ஒன்றரை வயதில் தாயாகிவிட்ட நாய்க்கு ஓ.எஃப்.ஏ. சான்றிதழ் "இருக்கிறது" என்று யாராவது சொன்னால் கணக்கு உதைக்கிறது. கண் பரிசோதனையை ஆண்டுதோறும் கண் நிபுணர் செய்ய வேண்டும். "எங்கள் டாக்டர் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார்" என்பது இவற்றில் எதற்கும் ஈடாகாது. அந்த டாக்டர் நானாகவே இருந்தாலும் ஈடாகாது.

கடைசியாக, நேரில் போங்கள். தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் பார்க்க வேண்டாம் என்பார்கள். பெண் பார்ப்பதற்குச் சொன்னதுதான். நாய்க்குட்டிக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. புதியவரைக் கண்டதும் ஒடுங்கி நடுங்கும் தாயின் குட்டிகளை, எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். "தாய் வேறு பண்ணையில் இருக்கிறது", "நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்க்கில் சந்திக்கலாம்" என்ற பேச்சு வந்தால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். ஓஹாயோவின் ஹோம்ஸ் கவுண்டியிலும் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் கவுண்டியிலும் நாய் வளர்ப்பைத் தொழிலாகச் செய்யும் பண்ணைகள் ஏராளம். குட்டிகள் பிறந்து வளரும் இடத்தைக் கண்ணால் பார்க்காமல் அவற்றில் நல்லதையும் கெட்டதையும் பிரிக்க முடியாது. "மத்திய அரசு உரிமம் இருக்கிறது" என்று பெருமையாகச் சொன்னால் அதையும் நிதானமாகக் கேளுங்கள். நான்குக்கு மேல் பெண் நாய்களை வைத்துக் குட்டிகளை நேரில் காட்டாமல் விற்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் அந்த உரிமம் தேவைப்படுகிறது. அது குறைந்தபட்சத் தகுதி; நற்சான்று என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: பிரீடர் வீட்டுக்குப் போய் வந்தோம். ஒரே ஈற்றில் எட்டுக் குட்டிகள். ஒன்று ஓடி வந்து என் மகனின் மடியில் ஏறிக்கொண்டது. "அதுவே நம்மைத் தேர்ந்தெடுத்துவிட்டது" என்கிறான். மனைவிக்கோ மூலையில் தனியாக உட்கார்ந்திருந்த வெளிர் நிறக் குட்டியின்மேல் இரக்கம். எதை எடுப்பது?
வாசகர், ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்

பதில்: மடியில் ஏறிய குட்டி பெரும்பாலும் எட்டில் மிகத் துடுக்கானது. நாளை மேசைமேலும் ஏறும். மூலையில் இருந்தது ஒருவேளை அப்போதுதான் விளையாடிக் களைத்திருக்கலாம். உண்மையிலேயே பயந்த குட்டியாகவும் இருக்கலாம். அரை மணி நேரப் பார்வையில் இதை உங்களாலும் என்னாலும் சொல்ல முடியாது. ஏழு வாரம் கூடவே இருந்த பிரீடரால் முடியும். உங்கள் வீட்டில் யார் யார், எவ்வளவு நேரம் வீட்டில் இருக்கிறீர்கள் என்று சொல்லி, அவரையே பொருத்தித் தரச் சொல்லுங்கள். அவர் உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் நிறத்தை மட்டும் கேட்டால் அவருக்கும் ஒன்றும் தெரியாது என்று பொருள்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சற்றுத் தள்ளி ஒரு சாவிக்கொத்தைக் கீழே போடுங்கள். திடுக்கிடுவதில் தவறில்லை. திடுக்கிட்ட பின் சில நொடிகளில் மோந்து பார்க்க வருகிறதா என்று பாருங்கள். அப்படி வருகிற குட்டி குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஏற்றது. தொப்புளில் வீக்கம், கண்ணில் பீளை, காதில் நாற்றம், ஆசனவாய் அருகே கழிச்சல் கறை இவற்றையும் கவனியுங்கள். முகத்தில் மீசை, தாடி முளைக்காத குட்டி என்றால் ரிட்ரீவர் போலவே முடி கொட்டும். நிறத்தைப் பற்றிச் சண்டை போட வேண்டாம்; வளர வளர வெளுத்துவிடுவது வழக்கம்.

கேள்வி: ஆறு வாரத்திலேயே எடுத்துப் போகலாம், விலையில் 300 டாலர் குறைக்கிறேன் என்கிறார். சரியா?
வாசகி, கேரி, வட கரோலினா

பதில்: சரியில்லை. எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்பதைப் பல மாநிலச் சட்டங்களே தடுக்கின்றன. எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி தாயிடமும் உடன்பிறந்தவற்றிடமும் கடிபட்டுத்தான் கற்கிறது. அந்த இரண்டு வாரப் பாடத்தை உங்கள் குழந்தையின் விரலில் நடத்த வேண்டாம்.

கேள்வி: இந்தியானாவிலிருந்து சிகாகோ பக்கம் உள்ள எங்கள் வீட்டுக்கு ஐந்து மணி நேரக் கார்ப் பயணம். குட்டியை எப்படிக் கொண்டுவருவது? அடுத்த மாதம் மதுரையிலிருந்து அத்தை வருகிறார்கள். நாய்க்குத் தனிச் சாப்பாடு எதற்கு, நாம் சாப்பிடுவதையே போடலாமே என்கிறார்கள். அவர்களிடம் என்ன சொல்ல?
வாசகி, நேப்பர்வில், இல்லினாய்

பதில்: புறப்படுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே உணவை நிறுத்திவிடச் சொல்லுங்கள். அப்படியும் வாந்தி எடுக்கும். பழைய துண்டுகளை நிறைய எடுத்துப் போங்கள். குட்டி கூண்டுக்குள், பின் இருக்கையில், பக்கத்தில் ஒருவரோடு வரட்டும். தாயின் வாசனை ஏறிய ஒரு துணியைக் கேட்டு வாங்கிக் கூண்டுக்குள் போடுங்கள். நெடுஞ்சாலை ஓய்விடப் புல்தரையில் இறக்கிவிடாதீர்கள். எல்லா நாய்களும் இறங்கும் இடம் அது. குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். பிரீடர் கொடுத்த அதே தீவனத்தை முதல் வாரம் தொடருங்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். இரண்டு மூன்று நாளுக்குள் மருத்துவரிடம் மலத்தோடு போங்கள். குட்டிகளிடம் ஜியார்டியா கிருமி சர்வ சாதாரணம். ஒப்பந்தத்தில் உள்ள உடல்நல உறுதி பெரும்பாலும் இந்தக் கெடுவுக்குள் காட்டினால்தான் செல்லும். தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப்பின் பதிவையும் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

தடுப்பூசிகள் 16 வாரம் வரை நீளும். அதுவரை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தால் நான்கு மாதத்தில் உலகைக் கண்டு குரைக்கும் நாய்தான் கிடைக்கும். பழகும் பருவம் ஏறக்குறைய 14 வாரத்தோடு முடிந்துவிடுகிறது. கையில் தூக்கிக்கொண்டு கோயில் வாகன நிறுத்தம், பள்ளி வாசல், கடைத்தெரு என்று காட்டுங்கள். குக்கர் விசிலும் மிக்ஸி சத்தமும் முதல் வாரமே காதில் விழட்டும். முதல் தடுப்பூசி போட்டு ஒரு வாரம் ஆனதும் குட்டிகளுக்கான வகுப்பில் சேர்க்கலாம்.

அத்தையிடம் மரியாதையாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள். ஊரில் தெருநாய் சாம்பார் சாதம் தின்றது உண்மைதான். அதற்கு ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தவர் யாருமில்லை. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பாயசத்து உலர் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலம் என்று இப்போது கருதுகிறார்கள். நம் சமையலறைக்கு இதில் ஒரு செய்தி உண்டு: புளியிலும் அதே அமிலம் இருக்கிறது, புளி தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதும் பதிவாகியிருக்கிறது. ரசம், புளியோதரை, வத்தக்குழம்பு எதுவும் வேண்டாம். சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால் இன்னும் வேகமாகக் கொல்லும். அத்தையின் கைப்பையையும் உயரத்தில் மாட்டுங்கள். ஆசைக்கு ஒரு கரண்டி உப்பில்லாத தயிர் சாதம் கொடுக்கட்டும்.

கேள்வி: டூடுலுக்கு வாரம் ஒருமுறை குளிப்பாட்டினால் போதும்தானே?
வாசகர், சான் ஹோசே, கலிஃபோர்னியா

பதில்: சிக்கெடுக்காமல் குளிப்பாட்டினால் சிக்கு இறுகித் தகடாகிவிடும். முடி கொட்டாத நாய் என்று வாங்குகிறீர்களே, கொட்ட வேண்டிய முடியெல்லாம் அங்கேயேதான் சிக்கிக்கொண்டிருக்கிறது. தினமும் இல்லாவிட்டாலும் ஒருநாள் விட்டு ஒருநாள் கம்பிப் பல் பிரஷ், பிறகு இரும்புச் சீப்பு. சீப்பு தோல் வரை இறங்கி வெளியே வர வேண்டும். காதுக்குப் பின்புறம், அக்குள், கழுத்துப் பட்டைக்கு அடி ஆகியவற்றை யாரும் பார்ப்பதில்லை. அங்கேதான் முடிச்சு விழும். குட்டி முடி மாறிப் பெரிய முடி வரும் ஆறாம் மாதத்துக்கும் ஓராண்டுக்கும் இடையே வேலை இரட்டிப்பாகும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை முடி திருத்துபவரிடம் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் 100 டாலரை ஒட்டிய செலவு. இதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு முடிவெடுங்கள். மொட்டையடித்து வந்த நாயைப் பார்த்துவிட்டு முடி திருத்துபவரைத் திட்டி எனக்கு எழுதாதீர்கள். நான் அவர் பக்கம்தான் பேசுவேன்.