அரிஸ்டாட்டிலும் கழிவு அள்றவங்களும்

வணக்கம் அண்ணா,

எம்.ஏ. அரசியல் அறிவியல் முதல் வருஷம் படிக்கிறேன். அரசியல எப்படி ஆராயறதுன்னு சொல்ற 'அணுகுமுறைகள்'னு ஒரு யூனிட். நெறிசார், நடத்தையியல், பின்-நடத்தையியல்னு அட்டவணை போட்டு மனப்பாடம் பண்றோம், பரீட்சை முடிஞ்சா ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. இதுல எதுதான் சரி?

– ஒரு வாசகர்

தம்பி,

எது சரிங்கிறத கொஞ்சம் தள்ளி வை. அட்டவணைல இருக்கற ஒவ்வொரு ஆளும் எதைப் பாத்து எழுதினார், எந்த நெலமைல உக்காந்து எழுதினார்னு மட்டும் கேட்டுப் பாரு.

அரிஸ்டாட்டிலுக்கு நேரா உன் நோட்ஸ்ல 'தத்துவ அணுகுமுறை'ன்னு இருக்கும், அதாவது ஆட்சி எப்படி இருக்கணும்னு யோசிக்கிற அந்த நெறிசார் பக்கம். ஆனா அவரும் மாணவர்களும் சேந்து 158 ஆட்சிமுறைகளத் தனித்தனியா தொகுத்ததா சொல்றாங்க. மத்ததெல்லாம் போயிருச்சு, ஏதென்ஸ் பத்தினது மட்டும் பெரும்பகுதி கிடைச்சிருக்கு, அதுவும் எப்படின்னா எகிப்துல யாரோ பண்ணைக் கணக்கு எழுதி வச்ச பாப்பிரஸோட (நாணல்ல செஞ்ச தாள்) பின்பக்கத்துல, 1891லதான் அச்சுக்கே வந்துச்சு. அதுல நகர அதிகாரிங்கன்னு பத்து பேர் வர்றாங்க, அஞ்சு பேர் துறைமுகத்துக்கு, அஞ்சு பேர் ஊருக்கு. இவங்க வேலை என்ன தெரியுமா? கழிவு அள்றவங்க மதில்ல இருந்து பத்து ஸ்டேடியாவுக்குள்ள, அதாவது ரெண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி, கொட்டாம பாத்துக்கறது. குழல் ஊதுற பொண்ணுங்களுக்கு ரெண்டு திராக்மாவுக்கு மேல கூலி போகாம பாத்துக்கறது, ஒரே பொண்ண நாலு பேர் கூப்பிட்டா குலுக்கல் போடுறது. (குலுக்கல்! எவ்ளோ அடிதடி நடந்திருந்தா இதுக்கு ஒரு விதி வந்திருக்கும்?) இதையெல்லாம் குறிச்சு வச்ச கூட்டத்த வெறும் தத்துவம்னு கட்டத்துல அடைச்சா எப்படி? அதே மனுஷன்தான் சில பேர் பொறப்புலயே அடிமைன்னு நியாயம் சொன்னாரு, அதையும் மறைக்க வேண்டியதில்ல.

மாக்கியவெல்லி கதை வேற. பதினாலு வருஷம் இத்தாலில ஃப்ளாரன்ஸ் நகர அரசாங்கத்துல வேலை பாத்தவரு, 1512ல முன்னாடி அந்த ஊர ஆண்ட மெடிச்சி குடும்பம் திரும்பி வந்ததும் வேலை போச்சு, அடுத்த வருஷம் ஜெயில், கைய பின்னால கட்டி கயித்துல தூக்கி சித்திரவதை. அப்புறம் கிராமம். 1513 டிசம்பர்ல நண்பருக்கு ஒரு கடிதம் எழுதுறாரு, பகல்ல கசாப்புக்காரர், மாவு மில்லுக்காரரோட சீட்டாட்டம், காலணாவுக்குப் போடுற சண்டை பக்கத்து ஊர் வரைக்கும் கேக்குமாம், ராத்திரியானா சேறு படிஞ்ச துணிய கழட்டிட்டு அரசவைக்குப் போற உடுப்பு போட்டுக்கிட்டு பழைய ஆளுங்களோட புத்தகத்துல நாலு மணி நேரம். அவரு பேர் சொன்னாலே ஞாபகம் வர்ற 'தி பிரின்ஸ்'ங்கிற சின்ன நூல பத்தி முதல்ல சொல்றதே அந்தக் கடிதத்துலதான். வேலை போன ஒரு ஆபீசரோட அணுகுமுறை அது.

அரசியல் அறிவியல் பேராசிரியர் டேவிட் ஈஸ்டன் பேரு நடத்தையியல், பின்-நடத்தையியல்னு ரெண்டு கட்டத்துலயும் இருக்கேன்னு குழம்பியிருப்ப. 1953ல அரசியலும் கறாரான விஞ்ஞானமாகணும்னு எழுதினவரு (அது நடத்தையியல்), 1969ல அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கத்துக்குத் தலைவரா நின்னு, நாட்டுல எரியுற பிரச்சனைக்கு நம்ம படிப்பு ஒதவலையேன்னு பேசினாரு (அது பின்-நடத்தையியல்). வெளிய வியட்நாம் போர் நடந்துகிட்டிருந்துச்சு.

எனக்கு சாய்வு அரிஸ்டாட்டில் பக்கம்தான், ஊர் ஊரா சேத்த அந்த அரிஸ்டாட்டில். நான் சொன்ன கழிவு சமாச்சாரம் ஏதென்ஸ் நூல்ல 50வது அத்தியாயம், அரைப் பக்கம்கூட இருக்காது. பரீட்சைக்கு முன்னாடியே படிச்சிரு.