கண்ணுக்குத் தெரியாத தோழியும் சத்தம் போடாத தம்பியும்

உங்கள் மகளுக்கு மனநோய் எதுவும் இல்லை. இதைப் படித்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள், அப்புறம் மீதியைப் பார்க்கலாம்.

உங்கள் கடிதத்தில் எழுதியிருப்பது இதுதான். மூன்றரை வயதுப் பெண். ‘கிக்கி’ என்று ஒரு தோழி இருப்பதாகச் சொல்கிறாள், அவளுக்கு இடம் விட்டு உட்காருகிறாள். நீங்கள் தெரியாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் “கிக்கி நசுங்கிட்டா” என்று தேம்பித் தேம்பி அழுதிருக்கிறாள். நீங்கள் நடுராத்திரியில் செல்போனில் தேடி, ‘மனச்சிதைவு’ என்ற சொல்லில் போய் நின்றிருக்கிறீர்கள். இல்லாத குரல்களும் உருவங்களும் நிஜம்போலத் தோன்றும் அந்த நோய் (ஸ்கிசோஃப்ரினியா) 13 வயதுக்கு முன் வருவதே மிக அபூர்வம். கற்பனைத் தோழி வருவதோ இந்த வயதில் சர்வ சாதாரணம். அமெரிக்காவில் உளவியலாளர் மார்ஜரி டெய்லர் குழுவினர் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு வயதுக்குள் ஏறத்தாழ 65 சதவீதக் குழந்தைகளுக்கு இப்படி ஒரு துணை இருந்திருக்கிறது. உயிருள்ளதுபோல நினைத்துப் பேசும் பொம்மைகளையும் சேர்த்துச் சொன்ன கணக்கு அது.

கிக்கி நிஜமில்லை என்பது உங்கள் மகளுக்கே தெரியும். கிக்கிக்குக் காலிக் கிண்ணத்தில் பால் ஊற்றிக் கொடுப்பவள், தனக்குத் தாகம் எடுத்தால் உங்களிடம்தானே ஓடி வருகிறாள்? யாரோ மிரட்டுவதாக அவள் பயந்து நடுங்கினால், பெயர் சொல்லிக் கூப்பிட்டும் விளையாட்டிலிருந்து வெளியே வர முடியாமல் தவித்தால், அப்போது அழைத்து வாருங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம் வந்தது. “ராத்திரியில் கிக்கியோடு பேசாமல் தூங்கட்டும் என்று சளிக்குக் கொடுத்த சிரப்பை மூன்று நாள் கொடுத்தேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். தூக்கம் வரவழைக்கும் அலர்ஜி மருந்துகள் பல சளி சிரப்களில் கலந்திருக்கும். சில குழந்தைகளை அவை தூங்க வைப்பதற்குப் பதிலாகப் படபடப்பாக்கிவிடும். அளவு மீறினால் இல்லாத உருவங்களைக் காணவும் வைக்கும். எதற்குப் பயந்தீர்களோ அதையே கொண்டுவரக்கூடிய மருந்து அது. இன்றே நிறுத்துங்கள். கடையில் வாங்கிய ‘நினைவாற்றல் டானிக்’கும் தேவையில்லை. எழுத்து எழுத மாட்டேன் என்கிறாளா? மூன்றரை வயதில் எழுதவேண்டிய அவசியம் இல்லை. விடுங்கள்.

நாள் முழுக்க இப்படி விளையாடி நேரத்தை வீணாக்குகிறாள் என்கிறீர்களே, அந்த விளையாட்டுக்குள் என்ன நடக்கிறது என்று ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். மரக்கட்டையைக் காதில் வைத்து “ஹலோ, டாக்டரா? பாப்பாவுக்கு ஜுரம்” என்கிறாள். அது கட்டை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்த நிமிஷத்துக்கு அது போன். ஒரே பொருளை இரண்டாக மனதில் வைத்துக்கொண்டு, இரண்டும் ஒன்றோடொன்று குழம்பாமல் பார்த்துக்கொள்கிறாள். ஒரு பொருள் இன்னொன்றுக்காக நிற்கலாம் என்ற இந்தப் பிடிதான் சொல்லுக்கும் எழுத்துக்கும் எண்ணுக்கும் அடிப்படை. குச்சியைக் குதிரையாக்கி ஓட்டும் குழந்தையைக் காட்டி ரஷ்ய உளவியலாளர் விகோட்ஸ்கி 1930-களிலேயே இதைச் சொன்னார். அப்புறம், போனின் மறுமுனையில் இருப்பவர் என்ன சொல்வார் என்று யோசித்து, நடுவில் நிறுத்தி, தலையாட்டிவிட்டுப் பதில் சொல்கிறாள் பாருங்கள். இன்னொருவர் மனதில் என்ன ஓடும் என்று ஊகிக்கிற வேலை அது.

இதை உடனே வகுப்பாக்கிவிடாதீர்கள். பாவனை விளையாட்டால் அறிவு கூடுகிறது என்று அடித்துச் சொல்லும் அளவுக்குச் சான்று வலுவாக இல்லை என்று 2013-இல் அமெரிக்க உளவியலாளர் ஏஞ்சலின் லில்லார்ட் குழுவினர் பல ஆய்வுகளை அலசி எழுதினார்கள். அதை ஒப்புக்கொள்கிறேன். விலை கூடிய விளையாட்டுச் சாமான்கள் வாங்கத் தேவையில்லை. காலிக் கிண்ணமும் பழைய துணியும் போதும். எனக்கு இந்த விளையாட்டு ஒரு ஜன்னல் மாதிரி. உள்ளே வளர்ச்சி எப்படி நடக்கிறது என்பதை அதன் வழியாகப் பார்க்கிறேன். உங்கள் மகளின் ஜன்னலில் நல்ல வெளிச்சம் இருக்கிறது.

இப்போது உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளுக்கு வருகிறேன். அவற்றை மூன்று முறை படித்தேன். “இளையவனால் தொந்தரவே இல்லை டாக்டர், 20 மாதம் ஆகிறது, கார் பொம்மையைக் கவிழ்த்துச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே மணிக்கணக்கில் இருப்பான். ஒரு வயதில் ‘அம்மா’, ‘தா’ என்று சொன்னவன் இப்போது சொல்வதில்லை, ஆண்பிள்ளைகள் மெதுவாகத்தானே பேசுவார்கள்.”

சக்கரம் சுற்றுவதை மட்டும் வைத்து நான் எதுவும் சொல்ல மாட்டேன், எத்தனையோ குழந்தைகள் செய்வார்கள். மெதுவாகப் பேச ஆரம்பிப்பதும் உண்டு. ஆனால் வந்த சொல் போவது வேறு. எந்த வயதிலும், எந்தக் குழந்தைக்கும், பேசிய சொற்கள் மறைந்தால் காத்திருக்கக் கூடாது. ஆண்பிள்ளை என்பது அதற்கு விளக்கமாகாது.

என் மேசை இழுப்பறையில் ஒரு காலிக் கப்பும் ஸ்பூனும் துணிப் பொம்மையும் எப்போதும் இருக்கும். ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தை வந்தால் அவற்றை எடுத்து வைத்துவிட்டுச் சும்மா இருப்பேன். பெரும்பாலான குழந்தைகள் கப்பை வாயில் வைத்து உறிஞ்சுவது போல ஒரு சத்தம் எழுப்புவார்கள். பொம்மைக்கு ஊட்டுவார்கள். சிலர் அதன் வாயைத் துடைத்தும் விடுவார்கள். அப்புறம் என் முகத்தையோ அம்மா முகத்தையோ நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்காகத்தான் காத்திருப்பேன். உங்கள் மகனுக்கும் இதைச் செய்து பாருங்கள். டி.வி.யை அணைத்துவிட்டு, அவன் பின்னால் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். திரும்புகிறானா? பறவையோ விமானமோ போனால் விரல் நீட்டி “பார்” என்று உங்களுக்குக் காட்டுகிறானா? வேண்டும் என்று கேட்பதற்கு நீட்டுவதைவிட, காட்டுவதற்கு நீட்டுவதுதான் எங்களுக்கு முக்கியம். 1992-இல் பிரிட்டிஷ் உளவியலாளர் சைமன் பாரன்-கோஹன் குழுவினர் 18 மாதக் குழந்தைகளிடம் ஆட்டிசத்தின் (பேச்சும் பிறரோடு பழகுவதும் வேறுவிதமாக அமையும் வளர்ச்சி நிலை) அறிகுறியைத் தேடியபோது கவனித்தவற்றில் இந்த விரல் நீட்டலும் பாவனை விளையாட்டும் இருந்தன. இன்று 16 முதல் 30 மாதம் வரை பயன்படும் எம்-சாட் என்ற 20 கேள்விப் பட்டியலிலும் இரண்டும் இருக்கின்றன.

அந்தப் பட்டியலை இணையத்தில் எடுத்து நீங்களே மதிப்பெண் போட்டு முடிவு கட்டாதீர்கள். யாரை விரிவாகப் பரிசோதிக்க வேண்டும் என்று காட்டுவதோடு அதன் வேலை முடிந்துவிடும். உங்கள் மகனுக்கு ஆட்டிசம் என்று நான் சொல்லவில்லை, கடிதத்தை வைத்து யாரும் சொல்லவும் முடியாது. காது சரியாகக் கேட்காத குழந்தையும் வந்த சொற்களை இழக்கக்கூடும். அதனால் முதல் வேலை காது பரிசோதனை. கதவு சாத்தினால் திரும்புகிறான் என்பது போதாது, முறையான சோதனை வேண்டும். கூடவே குழந்தை வளர்ச்சி நிபுணரிடம் நேரம் வாங்குங்கள். இந்த வாரமே வாங்குங்கள்.

செல்போனைக் காட்டித்தான் சோறூட்டுகிறீர்களா? ஆம் என்றால் நிறுத்துங்கள். இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. ஆனால் “போனை நிறுத்தி மூன்று மாதம் பார்க்கலாம்” என்று பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. பத்தியம், சத்து மாத்திரை என்று யாராவது சொன்னால் அதிலும் இறங்காதீர்கள். பேச்சுப் பயிற்சியும் விளையாட்டுப் பயிற்சியும் நோயின் பெயர் முடிவாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, இப்போதே ஆரம்பிக்கலாம்.

வீட்டிலும் ஆரம்பிக்கலாம். அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, நீங்களும் இன்னொரு காரின் சக்கரத்தைச் சுற்றுங்கள். அவன் நிமிர்ந்து பார்த்த நொடியில் காரைத் தரையில் விட்டு “டுர்ர்ர்” என்று அவனை நோக்கி ஓட்டுங்கள். அக்காவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிக்கிக்கு ஊற்றும் கிண்ணத்தில் தம்பிக்கும் ஒன்று ஊற்றட்டும்.

மருத்துவரிடம் போகும்போது, அவன் தனியாக விளையாடுவதை இரண்டு நிமிடம் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். முதல் பிறந்தநாளை ஒட்டி எடுத்த பழைய வீடியோ இருந்தால் அதையும் தேடி எடுங்கள். ‘அம்மா’ என்று அவன் சொன்ன குரல் அதில் இருந்தால், மருத்துவர் அதைக் கேட்பது மிகவும் உதவும்.