கலிலியோ வரும் பக்கம்

அன்புள்ள ஐயா,

எங்கள் கிறிஸ்தவப் பள்ளி நூலகத்துக்கு அறிவியலும் விசுவாசமும் பற்றிய நூல்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. மேசைமேல் இரண்டு அடுக்குகள். ஒன்றில், பரிணாமமே பொய் என்பவை; மற்றதில், மதம் என்றைக்கும் அறிவியலின் எதிரி என்பவை. இரண்டிலும் சம அளவு வாங்கினால் நடுநிலை ஆகிவிடுமா?

ஒரு நூலகப் பொறுப்பாசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

ஆகாது. பிழையான நூலுக்குப் பக்கத்தில் எதிர்ப்பக்கத்துப் பிழையை வைத்தால் பிள்ளைகள் இரண்டையும் கற்றுக்கொள்வார்கள்.

எந்த நூலை எடுத்தாலும் நான் முதலில் கலிலியோ வரும் பக்கத்தைப் பார்ப்பேன். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற தன் கருத்தை 1633-ல் அவரைக் கைவிடச் செய்ததும், 1642-ல் இறக்கும்வரை காவலில் வைத்ததும் திருச்சபையின் விசாரணை மன்றம்தான். இதை மழுப்பும் நூல் வேண்டாம். ஆனால் கலிலியோ விசுவாசியும்கூட. 1615-ல் டஸ்கனி அரச குடும்பத்துக் கிறிஸ்டினா சீமாட்டிக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், வேதாகமமும் இயற்கையும் ஒரே கடவுளிடமிருந்து வந்தவை, அவை முரண்பட முடியாது என்று வாதாடுகிறார். பழங்காலத் திருச்சபையின் இறையியலாளர் அகஸ்டினைத் துணைக்கு அழைக்கிறார். பூமி நகர்கிறது என்பதற்குக் கடலின் ஏற்றவற்றத்தை அவர் சான்றாகக் காட்டியது தவறு. பூமி நகர்ந்தால் அருகிலுள்ள விண்மீன்கள் சற்றே இடம் மாறித் தெரிய வேண்டும்; அந்த இடமாறு தோற்றத்தை அளந்து காட்ட முடிந்தது 1838-ல்தான். இவ்வளவையும் ஒளிக்காமல் சொல்பவரை மற்ற அத்தியாயங்களிலும் நம்பலாம்.

இடைக்காலத் திருச்சபை பூமியைத் தட்டை என்று போதித்தது என்று எழுதியிருந்தால் அங்கேயே மூடிவிடுங்கள். 13-ஆம் நூற்றாண்டில் சாக்ரோபோஸ்கோ என்ற அறிஞர் எழுதிய வானியல் பாடநூலே பூமி உருண்டை என்றுதான் கற்பித்தது.

வாழ்க்கை வரலாறுகளுக்கு அதிகம் செலவிடுங்கள். பட்டாணிச் செடிகளை வளர்த்த துறவி மெண்டலை எல்லாரும் வாங்குவார்கள். நான் லெமெய்த்ரைத் தேடச் சொல்வேன். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-ல் எழுதிய பெல்ஜியக் குருவானவர் அவர். விரிகிறது என்றால் அதற்கு ஒரு தொடக்கம் இருந்திருக்கும் என்று, 1951-ல் போப் பன்னிரண்டாம் பயஸ் அந்தக் கொள்கையைப் படைப்புக்குச் சான்றுபோலப் பேசியபோது, லெமெய்த்ர் அதை விரும்பவில்லை. தன் இயற்பியல் கருதுகோள் சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது என்பது அவர் நிலை. தன் விசுவாசத்துக்குச் சாதகமாகத் தெரிந்ததையே வேண்டாம் என்ற அந்த நேர்மையை ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை வாசிக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

பரிணாமத்துக்கு வருகிறேன். டார்வினுக்காக அமெரிக்காவில் முன்னின்று வாதாடிய தாவரவியலாளர் ஏசா கிரே ஒரு பிரஸ்பிட்டேரியன் கிறிஸ்தவர். அவரைப் பற்றிய நல்ல அத்தியாயம் ஒன்று போதும், உங்கள் மேசையின் இரண்டு அடுக்குகளும் ஆட்டங்காண. பூமிக்குச் சில ஆயிரம் ஆண்டுகளே வயது என்னும் நூல்களை அறிவியல் பிரிவில் வைக்காதீர்கள். அதன் வயது ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள். ஆதியாகமத்தைக் கிறிஸ்தவர்கள் எப்படியெல்லாம் வாசித்திருக்கிறார்கள் என்று மேல்வகுப்புக்குக் காட்ட, அவற்றில் ஒன்று சமயப் பிரிவில் இருக்கலாம்.

கடவுள் இல்லை என்று கண்ணியமாக வாதிடும் நூல் ஒன்றும் இருக்கட்டும். நிர்வாகம் தயங்கினால் இந்தப் பதிலைக் காட்டுங்கள். தேவைப்பட்டால் நானே வந்து பேசுகிறேன்.