சாமிநாதனா, சுவாமிநாதனா?

கேள்வி: பேரன் பிறந்து ஒரு மாதம் ஆகிறது. பிறப்பைப் பதிந்துவிட்டோம், பெயர் இன்னும் ஏற்றவில்லை. மறைந்த என் கணவரின் பெயரை வைக்க ஆசை. பட்டாவில் அவர் 'சாமிநாதன்', பென்ஷன் புத்தகத்தில் 'சுவாமிநாதன்'. எது சரி? இந்தப் பெயர் எப்படி வந்தது? மகன் 'பழைய பெயர்' என்கிறான். எனக்கும் ஒரு தயக்கம்: எழுதிவிடுகிறேன், வாயால் சொல்லிப் பழக்கமில்லை. (பாபநாசம் வாசகி)

பதில்: இரண்டும் சரிதான் அம்மா. ஒரே பெயர்தான் இரண்டு விதமாக வந்திருக்கிறது. வடமொழியில் 'ஸ்வாமி' என்று இரண்டு மெய் ஒட்டிக்கொண்டு தொடங்கும் சொல்லைத் தமிழ் அப்படியே ஏற்காது. நடுவில் ஓர் உகரத்தைச் செருகினால் சுவாமி, வகரத்தைக் கழற்றிவிட்டால் சாமி. முன்னது ஏட்டில் வாழ்வது, பின்னது வாயில் வாழ்வது.

பெயரின் பிறந்த வீடு உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சுவாமிமலை முருகனின் பெயர் சுவாமிநாதன். பிரணவத்துக்குப் பொருள் தெரியாத பிரம்மாவைச் சிறையில் வைத்தான் பிள்ளை. விடுவிக்க வந்த சிவன் 'சரி, நீ சொல்லு பார்ப்போம்' என்று காதைக் கொடுக்க, அப்பாவுக்கே பாடம் நடந்தது. ஆக இங்கே 'சுவாமி' என்பது சிவன், அவருக்கு நாதன் முருகன். தகப்பன்சாமி, சிவகுருநாதன் என்ற பெயர்களும் இதே கதையின் பிள்ளைகள்தாம். நெல்வயலே நிறைந்த, மேடு என்று சொல்ல எதுவும் இல்லாத டெல்டாவில் சுவாமிமலை மனிதர் எழுப்பிய கட்டுமலை. அறுபது படி, தமிழ் வருஷம் அறுபதுக்கும் ஒவ்வொன்று. கொங்கு நாட்டில் பழனிசாமி எப்படி மலிந்ததோ, காவிரிக்கரையில் சாமிநாதன் அப்படி. ஆளின் பெயரைக் கேட்டே குலதெய்வம் இருக்கும் திசையை ஊகிக்கலாம். 1894-இல் விழுப்புரத்தில் பிறந்த காஞ்சிப் பெரியவரின் இளமைப் பெயரும் சுவாமிநாதன்தான். குலதெய்வத்தின் பெயர் அது.

உங்கள் ஊருக்கு அருகே உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்ட, 1855-இல் பிறந்த தமிழ்த் தாத்தா உ.வே.சா.வின் கதை இன்னும் சுவையானது. அவருக்கு முறையாக வைத்த பெயர் வேங்கடராமன். வீட்டில் கூப்பிட்டது 'சாமா', சாமிநாதன் என்பதன் சுருக்கம். மாயவரத்தில் பாடம் கேட்கப் போனபோது மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு வேங்கடராமனைவிட அந்த வீட்டுப் பெயரே பிடித்துப்போயிற்று. அதுவே நிலைத்தது. புத்தகங்களிலும் 'சாமிநாதையர்' என்றுதான் இருக்கும், வகரம் கிடையாது. 1925-இல் கும்பகோணத்தில் பிறந்த வேளாண் விஞ்ஞானியோ எம்.எஸ். சுவாமிநாதன். பத்து மைல் சுற்றளவில் இரண்டு எழுத்துக்கும் ஆள் இருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால் 'சாமிநாதன்' என்பேன், நாக்குக்கு அதுதான் இசைவு. ஆனால் ஆங்கிலத்தில் எழுதும்போது டபிள்யூ போடுவதா வேண்டாமா என்று இன்றே முடிவு செய்துவிடுங்கள். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் வேறொன்று என்று இருந்தால் பாஸ்போர்ட் எடுக்கும் நாளில்தான் வலிக்கும். பிறப்பைப் பதிந்த தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் ஏற்றலாம். அதற்குப் பிறகு 15 வருஷம் வரை தாமதக் கட்டணத்தோடு முடியும். ஏற்றிய பெயரை மாற்றுவது சுலபமில்லை, அதனால் அவசரம் வேண்டாம். கணவரின் இரட்டைப் பெயருக்கு, 'இருவரும் ஒருவரே' என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் தருவது வழக்கம். எந்த அலுவலகம் எதை ஏற்கும் என்று முதலில் விசாரித்துவிட்டுச் செலவு செய்யுங்கள்.

பழைய பெயர் என்கிறாரே மகன், அது பொய்யில்லை. இன்று கடைத்தெருவில் 'சாமிநாதா' என்று குரல் கொடுத்தால் திரும்புகிற தலைகளில் பாதி நரைத்திருக்கும். இருந்தும் பேரன் என்ற சொல்லே 'பெயரன்', தாத்தா பெயரைச் சுமப்பவன் என்றுதான் வந்தது. உங்கள் பக்கம் ஞாயம் கொஞ்சம் கூடுதல்.

அப்புறம் அந்தத் தயக்கம். கணவர் பெயரை நீங்களும், மாமனார் பெயரை மருமகளும் சொல்லி எப்படிக் குழந்தையை அதட்டுவது? இது டெல்டாவில் ஒன்றும் புதிதில்லை. காகிதத்துக்கு ஒரு பெயர், கூப்பிட ஒரு பெயர் என்று வீடுகள் எப்போதோ வழி கண்டுவிட்டன. சாமிநாதன் என்று பதிந்துவிட்டு, மகனுக்குப் பிடித்த புதுப் பெயரைச் சொல்லி வீட்டில் கூப்பிடுங்கள். அதுவும் வேண்டாமென்றால் 'சாமா' இருக்கவே இருக்கிறது.