காபி காப்ஸ்யூலை காயலாங்கடையில் வாங்குவார்களா?

கேள்வி: அலுவலகத்தில் காப்ஸ்யூல் (ஒரு கப் காபிக்கான தூள் அடைத்த சிறு கூடு) போட்டால் காபி தரும் மிஷின் வைத்திருக்கிறார்கள். தினம் 30 காப்ஸ்யூல் குப்பைக்குப் போகிறது. அலுமினியம்தானே, காயலாங்கடையில் போடலாமா?
– கோவை வாசகர்

முதலில் அலுமினியம்தானா என்று பாருங்கள். காலிக் காப்ஸ்யூலைக் கட்டைவிரலால் அமுக்குங்கள். நசுங்கியபடியே நின்றால் அலுமினியம். மெல்ல எழும்பினால் பிளாஸ்டிக். அதன் மேல்மூடி மட்டும் அலுமினியத் தாளாக இருக்கும். காந்தம் இங்கே உதவாது, இரண்டிலுமே ஒட்டாது.

அலுமினியம் என்றாலும் சக்கையோடு கொண்டுபோனால் கடைக்காரர் முகம் சுளிப்பார். நியாயம்தான். கூடு ஏறக்குறைய 1 கிராம், தூள் 5, 6 கிராம், அது குடித்த தண்ணீர் வேறு. நீங்கள் எடைபோடச் சொல்வது ஈரச் சக்கையைத்தான். இரண்டு மூன்று நாளில் பூஞ்சையும் பிடிக்கும். ஈரத்தோடு உலைக்குப் போனால் ஆபத்து: அலுமினியம் 660 டிகிரியில் உருகும், அந்தச் சூட்டில் நீர் சட்டென ஆவியாகி, உருகிய உலோகத்தைத் தெறிக்க வைக்கும்.

ஆறியதும் மேல்தாளைச் சிறு கத்தியால் சுற்றி அறுத்து, கவிழ்த்துத் தட்டுங்கள். ஒட்டியதைச் சிறு கரண்டியால் வழித்து, ஒருமுறை அலசி, கவிழ்த்துக் காயவையுங்கள். ரப்பர் போன்ற வளையம் இருந்தால் உரித்துவிடுங்கள். பிறகு நசுக்கி, சாக்கில் சேருங்கள். ஒன்றிரண்டாக நகராட்சிக் குப்பையில் போட்டால், பிரிக்கும் இடத்தில் சல்லடை வழியே விழுந்து மண்ணோடு போய்விடும்.

கிலோவுக்கு 1000 காப்ஸ்யூல் வேண்டும். உங்கள் அலுவலகத்துக்கு 34 வேலை நாள் ஆகும். வீட்டில் நாளைக்கு இரண்டு குடிப்பவருக்கு ஒன்றரை வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு! ஆனாலும் வீணில்லை: பாக்சைட் தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதைவிடப் பழைய அலுமினியத்தை உருக்க எரிசக்தி சுமார் 95 சதவீதம் குறைவு.

சக்கையைச் செடி அடியில் கனமாகப் பரப்பாதீர்கள். காய்ந்து ஏடு கட்டி, தண்ணீரை உள்ளே விடாது. காய்ந்த இலை மூன்று பங்கு, சக்கை ஒரு பங்கு என்று கலந்து மக்கவிடுங்கள்.

கேள்வி: 'மக்கும் காப்ஸ்யூல்' என்று வாங்கித் தொட்டியில் புதைத்தேன். ஆறு மாதமாகியும் அப்படியே இருக்கிறது. ஏமாற்றா?
– மதுரை வாசகி

பெரும்பாலும் அது பிஎல்ஏ வகை, அதாவது சோளம் போன்ற பயிர்களிலிருந்து செய்யும் பிளாஸ்டிக். ஆலை உரக்கூடத்தில் 60 டிகிரிக்கு அருகே வாரக்கணக்கில் சூடு நின்றால்தான் மக்கும். தொட்டிக்கு அந்தச் சூடு வராது. 'வீட்டு உரத்துக்கு ஏற்றது' என்று தனியாக அச்சிட்டிருந்தால் மட்டும் புதையுங்கள்.

கேள்வி: திரும்ப நிரப்பும் ஸ்டீல் காப்ஸ்யூலில் வீட்டு பில்டர் பொடியைப் போட்டேன். மிஷின் உறுமுகிறது, காபி சொட்டுச் சொட்டாக வருகிறது.
– திருச்சி வாசகி

சிக்கரியின் வேலை. நீரை இழுத்துக் களியாகி ஓட்டையை அடைக்கும். சிக்கரி கலக்காத பொடி 5 கிராம், விளிம்புக்குக் கீழே 2 மில்லிமீட்டர் விட்டு, லேசாகத் தட்டிச் சமன் செய்தால் போதும், அழுத்த வேண்டாம். இன்னும் அடைத்தால் ஒரு படி கொரகொரப்பாக அரைக்கச் சொல்லுங்கள். தண்ணீராக வந்தால் அரைப்பு அதிகக் கொரகொரப்பு.

சிக்கரி இல்லாமல் ருசிக்கவில்லை என்றால் பித்தளை பில்டருக்கே போங்கள். அதில் எறிய வேண்டியது சக்கை ஒன்றுதான்.