குப்பை போடுவது மக்கள், பொறுப்பு மட்டும் உற்பத்தியாளருக்கா?

தயாரித்த பொருள் குப்பையான பிறகும் நிறுவனமே பொறுப்பேற்க வேண்டும் என்ற ஏற்பாட்டைப் பற்றி என்னிடம் கேள்வி கேட்ட ஒருவரின் வாதம் இதுதான்: பொருளை வாங்கிப் பயன்படுத்தி உறையைத் தூக்கி எறிவது வாங்கியவர். அப்படியிருக்க, அந்தக் குப்பையைக் கையாளும் செலவைத் தயாரித்த நிறுவனத்தின் தலையில் கட்டுவது நியாயமா? கடைசியில் அது விலையில் ஏறி நம்மிடம்தானே வரும்?

கண்ட இடத்தில் வீசுவது வீசுகிறவரின் தவறுதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒழுங்காகத் தொட்டியில் போட்ட பிறகு அந்தப் பொருள் என்ன ஆகும் என்பது வாங்கியவர் கையில் இல்லை. பொருளை வடிவமைத்த அன்றே அது பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டில் பெட் (PET) என்ற பிளாஸ்டிக், மூடி பாலிஎத்திலீன் அல்லது பாலிப்ரொப்பிலீன் என்ற வேறு வகை பிளாஸ்டிக். மறுசுழற்சி ஆலையில் எல்லாவற்றையும் சேர்த்து நொறுக்கித் தண்ணீர்த் தொட்டியில் கொட்டினால் மூடித் துண்டுகள் மிதக்கும், பெட் அடியில் போய்விடும். பிரிப்பது சுலபம். அதே பாட்டிலின் மேல் பி.வி.சி. என்ற இன்னொரு பிளாஸ்டிக்கில் ஒரு லேபிளைச் சுற்றியிருந்தால் சிக்கல் ஆரம்பம். பி.வி.சி.யும் பெட்டும் கிட்டத்தட்ட ஒரே அடர்த்தி என்பதால் இரண்டும் சேர்ந்தே மூழ்கும். அப்புறம் பெட்டை உருக்க 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கும்போது பி.வி.சி. சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடை வெளியிடும். அது பெட்டின் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கும், நிறமும் மஞ்சளாகும். கொஞ்சம் கலந்தாலே போதும், மொத்தச் சரக்கின் தரமும் இறங்கிவிடும். பாட்டிலைக் கழுவிச் சரியான தொட்டியில் போட்ட மனிதரால் இதைத் தடுக்கவே முடியாது. லேபிளை எதில் செய்வது என்று தீர்மானித்தவரால் மட்டுமே முடியும்.

கறுப்பு பிளாஸ்டிக் தட்டுகளும் அப்படித்தான். நிறத்துக்காகச் சேர்க்கும் கார்பன் பிளாக் என்ற கரித்தூள், தரம் பிரிக்கும் இயந்திரத்தின் அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சிக்கொள்கிறது. திரும்பி வரும் ஒளி இல்லாததால் அது என்ன பிளாஸ்டிக் என்று இயந்திரத்துக்குத் தெரியாது. பளபளப்பான பல அடுக்குப் பைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிளாஸ்டிக்கையும் அலுமினியத்தையும் மெல்லிய தாளாக ஒட்டியபிறகு லாபகரமாகப் பிரித்தெடுப்பது மிகக் கடினம்.

ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் லிண்ட்க்விஸ்ட், 1990இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு அளித்த அறிக்கையில் நீட்டிக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு என்ற கருத்தை முன்வைத்தார். பொருள் குப்பையான பிறகும் தயாரித்தவரின் பொறுப்பு தொடர்ந்தால், அந்தச் செலவை மனதில் வைத்தே அவர் அடுத்த பொருளை வடிவமைப்பார் என்பதுதான் இதன் அடிப்படை. 1991இல் ஜெர்மனி பேக்கேஜிங்குக்கு இப்படியொரு சட்டம் கொண்டுவந்தது. உறையின் எடைக்கும் வகைக்கும் ஏற்ப நிறுவனங்கள் கட்டணம் கட்ட வேண்டியிருந்ததால் தேவையில்லாத வெளி அட்டைப்பெட்டிகள் குறைந்தன, உறைகள் மெலிந்தன.

எனக்கு இன்னும் பிடித்தது நார்வேயின் ஏற்பாடு. அங்கே பான பாட்டில்களுக்கும் கேன்களுக்கும் ஒரு சுற்றுச்சூழல் வரி உண்டு. திரும்பச் சேகரிக்கும் விகிதம் கூடக்கூட வரி குறைந்துகொண்டே வரும், 95 சதவீதத்தை எட்டினால் வரியே இல்லை. அதனால் காலி பாட்டில் திரும்பி வர வேண்டும் என்ற கவலை தயாரிப்பாளருக்கே வந்துவிடுகிறது. பானம் வாங்கும்போது கட்டிய டெபாசிட் பணத்தை, காலி பாட்டிலைப் போட்டதும் திருப்பித் தரும் இயந்திரங்களைக் கடைகளில் வைத்து, அந்த முறையை நடத்துவது தொழில்துறையே.

சரி, சட்டம் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இல்லை. இந்த முறை எங்கே நொண்டுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். எல்லா நிறுவனங்களும், அவர்கள் சார்பில் குப்பையைக் கையாளும் ஒரே பொதுக் கூட்டமைப்புக்கு எடைக்கணக்கில் ஒரே கட்டணம் கட்டினால், நல்ல வடிவமைப்புக்குப் பலன் கிடைக்காது. பி.வி.சி. லேபிள் ஒட்டியவரும் ஒட்டாதவரும் ஒரே தொகை கட்டினால் யார் மாறுவார்கள்? மறுசுழற்சிக்கு இடைஞ்சலான பொருளுக்குக் கூடுதல் கட்டணம், ஏற்றதற்குச் சலுகை என்று பிரான்ஸ் போன்ற நாடுகள் பிரித்து வைத்திருப்பது இதனால்தான்.

இன்னொரு பலவீனம் காகிதக் கணக்கு. இந்தியாவில் 2016இல் வந்த பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளில் 2022இல் விரிவான உற்பத்தியாளர் பொறுப்பு வழிகாட்டுதல்கள் சேர்க்கப்பட்டன. மறுசுழற்சி செய்பவரிடம் சான்றிதழ் வாங்கி, நிறுவனங்கள் தங்கள் மறுசுழற்சி இலக்கை எட்டியதாகக் காட்டலாம் என்பது ஏற்பாடு. சீக்கிரமே, செய்யாத மறுசுழற்சிக்குக் கொடுத்த போலிச் சான்றிதழ்கள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சோதனையில் பிடிபட்டன. ஆலைக்குள் வந்த எடை, வெளியே போன எடை, பயன்படுத்திய மின்சாரம், மூன்றும் ஒத்துப்போகிறதா என்று நேரில் போய்ப் பார்க்கும் ஆய்வாளர்கள் இல்லாமல், சான்றிதழ்களைப் பதிவுசெய்யும் இணையதளம் மட்டும் இருந்து பயனில்லை.

குப்பை பொறுக்கி, தரம் பிரித்துப் பிழைக்கும் தொழிலாளர்களையும் மறக்கக் கூடாது. பல நாடுகளில் மறுசுழற்சிக்கு வந்து சேரும் பொருளில் பெரும்பங்கு அவர்கள் கைபட்டுத்தான் வருகிறது. நிறுவனங்கள் கட்டும் பணத்தில் அவர்களுக்குக் கூலியும் கையுறையும் மருத்துவ வசதியும் போய்ச்சேராமல், பெரிய ஒப்பந்ததாரர்களுக்கு மட்டும் போனால் அது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

விலை ஏறாதா என்ற கேள்விக்கு வருகிறேன். கொஞ்சம் ஏறலாம். ஆனால் இப்போதும் அந்தச் செலவு இலவசமாகப் போகவில்லை. உள்ளாட்சி வரியாக எல்லோரும் கட்டுகிறோம், அந்தப் பொருளை வாங்கவே வாங்காதவர் உட்பட. செலவு விலைக்குள் வந்துவிட்டால் வாங்குபவர் மட்டும் கட்டுவார். உறையை எளிமையாக்கிய நிறுவனம் கட்டணம் குறைந்து மலிவாக விற்கவும் வழி உண்டு. வரியில் மறைந்து கிடந்தால் அந்தப் போட்டிக்கே இடமில்லை.

பேட்டரி விஷயத்தில் இது உயிர்ப் பிரச்சினையும்கூட. பசை போட்டு உள்ளே ஒட்டிய லித்தியம் பேட்டரியைக் கழற்ற முடியாமல் பொருளோடு குப்பையில் போட்டால், குப்பை லாரியில் அழுத்தும்போது நசுங்கித் தீப்பிடிக்கிறது. ஆபத்தில் நிற்பது அந்த லாரியில் வேலை செய்பவர்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த பேட்டரி விதிகளின்படி, சில விதிவிலக்குகள் தவிர, கையடக்கப் பேட்டரிகளைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்றும்படி 2027 பிப்ரவரி முதல் பொருள்களை வடிவமைத்தாக வேண்டும். தனி மனிதர் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் அந்தப் பசையை அவரால் அகற்ற முடியாது என்பதால்தான் நான் உற்பத்தியாளர் பொறுப்பின் பக்கம் நிற்கிறேன்.